கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கமிருந்து விமானம் ஏறுபவர்களுக்கு: தூரமும் நேரமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரையில் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் வேலை செய்பவர்கள், இல்லையென்றால் அவர்களை வழியனுப்புகிற உம்மா, வாப்பா, மனைவிமார்கள். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி என்று கரையோரம் முழுக்க இருந்து வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை மணி நேரம்?” என்பதுதான். டிக்கெட்டில் இருக்கிற நேரத்தைச் சொன்னால் அது பாதிப் பதில். வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட்டால்தான் முழுப் பதில். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லையா? உச்சிப்புளியில் விமானம் இறங்குவதைப் பார்க்கிறோமே?

உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் விமானத் தளம். பெயர் ஐ.என்.எஸ். பருந்து. 2009-இல் இருந்து அந்தப் பெயரில் இயங்குகிறது. அங்கே பயணிகள் விமானம் கிடையாது. ராமேஸ்வரத்தில் புதிய விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அது வரும் வரை மதுரையோ, திருச்சியோ, சென்னையோ போய்த்தான் ஏற வேண்டும்.

இங்கிருந்து எந்த விமான நிலையம் பக்கம்?

பெரும்பாலானவர்களுக்கு மதுரைதான். ராமநாதபுரத்தில் இருந்து சுமார் 115 கி.மீ., கீழக்கரையில் இருந்து சுமார் 135 கி.மீ., ராமேஸ்வரத்தில் இருந்து சுமார் 175 கி.மீ. மதுரை ஊருக்குள் நுழையவே வேண்டாம். பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் தாண்டி விரகனூரில் ரிங் ரோட்டில் திரும்பினால் மண்டேலா நகர் வழியாக நேராக விமான நிலையத்துக்குப் போய்விடலாம். வெளியூர் டிரைவராக இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரியாமல் ஊருக்குள் போய் சிக்னலில் மாட்டிக்கொண்டால் முக்கால் மணி நேரம் கூடுதலாகப் போகும்.

மதுரையில் இருந்து பரமக்குடி வரை சாலை நன்றாக இருக்கிறது. பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில்தான் நேரம் இழுக்கும். அந்த 46.7 கி.மீ.யை நான்கு வழிச்சாலையாக மாற்ற மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. வேலை நடக்கும் காலத்தில் மாற்றுப்பாதையில் விடுவார்கள், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக் கொள்ளுங்கள்.

தொண்டி, திருவாடானைக்காரர்கள் ராமநாதபுரம் வந்து சுற்ற வேண்டியதில்லை, சிவகங்கை வழியாக நேரே மதுரைக்குச் சாலை இருக்கிறது. காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கும் போகலாம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, ஊருக்கு முன்பே வந்துவிடும். சாயல்குடிப் பக்கத்தவர்களுக்குத் தூத்துக்குடி கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து உள்நாட்டு விமானம் மட்டும்தான்.

மதுரையில் இருந்து துபாய் எத்தனை கி.மீ.? சென்னையில் இருந்து போனால் குறையுமா?

குறையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன். நேர்கோட்டுத் தூரம் பார்த்தால் மதுரையில் இருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ. திருச்சியில் இருந்து சுமார் 2,940. சென்னையில் இருந்தும் சுமார் 2,940. திருவனந்தபுரத்தில் இருந்து கூட 2,950-ஐ ஒட்டித்தான் வருகிறது. துபாயில் ஒரு காம்பஸ் முனையைக் குத்தி வட்டம் போட்டால், இந்த நான்கு ஊரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழும். சென்னை வடக்கே இருக்கிறது, ஆனால் கிழக்கே தள்ளியும் இருக்கிறது. மதுரை தெற்கே இருக்கிறது, ஆனால் மேற்கே நெருங்கி இருக்கிறது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது.

அதனால் எங்கே ஏறினாலும் வானத்தில் இருக்கும் நேரம் ஒன்றுதான். நேரடி விமானம் என்றால் போகும்போது நாலேகால் மணி நேரத்தை ஒட்டி. வித்தியாசம் எல்லாம் தரையில்.

அப்படியானால் எங்கே ஏறுவது நல்லது?

நேரடி விமானம் உங்கள் தேதிக்கு மதுரையில் கிடைத்தால், டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மதுரைதான் என்று நான் சொல்வேன். கீழக்கரையில் இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மதுரை விமான நிலையத்துக்குக் காரில் மூன்று மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும், விமானம் நாலேகால், இறங்கியபின் குடியேற்றம், பெட்டி எல்லாம் ஒரு மணி நேரம். மொத்தம் பதினொன்றேகால்.

சென்னை என்றால் ராமநாதபுரத்தில் ரயில் ஏறி, ஓர் இரவு முழுக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் பயணம். ரயில் தாமதமாகும் என்று பயந்து, பெரும்பாலானவர்கள் காலையில் இறங்கி மாலை அல்லது இரவு விமானத்தைத்தான் பிடிக்கிறார்கள். நடுவில் லாட்ஜ், சாப்பாடு, ஆட்டோ. கணக்கு இருபது மணி நேரத்தைத் தாண்டிவிடும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் இதிலேயே கரைந்துபோகும். கைக்குழந்தையோடு போகும் பெண்களையும் வயதானவர்களையும் இந்த வழியில் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

சென்னையில்தான் ஏற வேண்டும் என்றால் எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால், எதிரிலேயே விமான நிலையம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தபோது ராமேஸ்வரம்–தாம்பரம் ரயில் ஒன்றையும் தொடங்கினார்கள். அது இதற்குத் தோதானது.

அண்ணே, போகும்போது நாலேகால் மணி நேரம், வரும்போது நாலு மணி நேரம் கூட ஆகவில்லையே, ஏன்?

காற்றுதான். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வாடை அடிக்கும்போது வடக்கே போகிற வள்ளம் எப்படித் திணறும், தெற்கே திரும்பினால் எப்படி ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும். விமானத்துக்கும் அதே கதிதான். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் காற்று மணிக்கு நூறு கி.மீ.க்கு மேல் கூட அடிக்கும். குளிர்காலத்தில் வட இந்தியா, அரபு நாடுகள் பக்கம் அந்த உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பலமாக வீசும். துபாய்க்குப் போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று, ஊருக்குத் திரும்புகிற விமானத்துக்குப் பின்காற்று. அதனால்தான் மார்கழி, தை மாதங்களில் திரும்பி வருகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகவே இறங்குகிறார்கள்.

ஆனி, ஆடியில் இது மாறும். நம் கரையில் அப்போது கச்சான் காற்று, மேற்கிலிருந்து அடித்துத் தள்ளும், மணல் பறக்கும். ஆனால் அதே நாட்களில் தலைக்கு மேலே, விமானம் பறக்கிற உயரத்திலும் அதற்கு மேலும், காற்று கிழக்கில் இருந்து மேற்கே ஓடுகிறது. இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950-களில் விளக்கி எழுதியவர் பி. கோட்டீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர். தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்தது இது. அதனால் அந்த மாதங்களில் போகிற நேரத்துக்கும் வருகிற நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும். கீழே ஒரு காற்று, மேலே அதற்கு நேர் எதிர்க் காற்று. இதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது நான் அன்று முழுக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிக்கெட்டில் 10:00 புறப்பாடு, 12:45 சேருமிடம் என்று போட்டிருக்கிறது. இரண்டே முக்கால் மணி நேரத்தில் துபாய் போய்விடுமா?

இல்லை. டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். துபாய், அபுதாபி, ஷார்ஜா, மஸ்கட் எல்லாம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. அங்கே 12:45 என்றால் இங்கே 2:15. ஆக, பயணம் நாலேகால் மணி நேரம். திரும்பும்போது தலைகீழ்: துபாயில் இரவு பத்து மணிக்குக் கிளம்பி மதுரையில் அதிகாலை மூன்றரைக்கு இறங்கினால், ஐந்தரை மணி நேரம் போலத் தோன்றும், உண்மையில் நான்குதான்.

சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். இலங்கைக்கும் நமக்கும் வித்தியாசமே இல்லை.

00:50 என்றால் என்ன நேரம்?

நள்ளிரவு பன்னிரண்டு ஐம்பது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பதில் சொல்வேன்.

14-ஆம் தேதி 00:50 விமானம் என்றால், 13-ஆம் தேதி இரவு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 13-ஆம் தேதி மாலையே வீட்டில் இருந்து கிளம்பியாக வேண்டும். 14-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். கடை ஆரம்பித்த புதிதில் என் மச்சானுக்கு நானே டிக்கெட் போட்டேன். தேதியைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன், எந்த இரவு என்று சொல்லவில்லை. அவர் 14-ஆம் தேதி மதியம் சொந்தக்காரர்களுக்கு விருந்து வைத்து, மாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விசா முடிய மூன்றே நாள் இருந்தது. அடுத்த டிக்கெட்டுக்கு அக்காவின் வளையலை அடகு வைத்தார்கள். அன்றில் இருந்து நான் கொடுக்கிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் “இன்ன கிழமை, இத்தனை மணிக்கு வீட்டில் இருந்து கிளம்பணும்” என்று பேனாவால் எழுதித்தான் கையில் கொடுக்கிறேன். நீங்களாகவே போனில் டிக்கெட் போட்டாலும் இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மூவாயிரம் கி.மீ.க்கு நாலேகால் மணி நேரமா? விமானம் மணிக்கு எண்ணூறு கி.மீ. போகும் என்கிறார்களே?

போகும்தான். ஆனால் டிக்கெட்டில் இருக்கும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் இருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேரும். துபாய் போன்ற நெரிசலான இடத்தில் இறங்க முறை வரும் வரை வட்டமடிப்பதும் உண்டு. தவிர, விமானமும் நேர்கோட்டில் போவதில்லை, அதற்கென்று வகுத்த வான்வழிகளில் வளைந்து போகிறது.

ராமேஸ்வரத்தில் இருந்து பார்த்தால் இலங்கை கண்ணுக்கு எதிரே. கொழும்பு போக ஏன் ஒரு நாள் ஆகிறது?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் குரலில் ஒரு வருத்தம் இருக்கும், எனக்கும் உண்டு. அரிச்சல்முனையில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். ராமேஸ்வரத்தில் இருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா, நேர்கோட்டில் சுமார் 240 கி.மீ. நாமோ முதலில் மேற்கே 175 கி.மீ. சாலையில் மதுரைக்குப் போகிறோம். அப்புறம் அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 355 கி.மீ. பறக்கிறோம். 240 கி.மீ. தூரத்து ஊருக்கு 530 கி.மீ. சுற்றுகிறோம். பறப்பது ஒரு மணி நேரம், மீதியெல்லாம் சாலையும் வரிசையும் காத்திருப்பும். வீட்டில் இருந்து கொழும்பு ஊருக்குள் போய்ச் சேர, தாராளமாக ஒன்பது, பத்து மணி நேரம்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே இன்னொரு ரயிலில் கொழும்பு போகலாம். அதனால்தான் அந்த வண்டிக்குப் போட் மெயில் என்று பெயர். நம் கரைக்காரர்களுக்குக் கடலைத் தாண்டுவது மட்டும்தான் வேலை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் ராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் ஓடியது, 1980-களில் அதுவும் நின்றது. தலைமன்னாரில் கட்டிக்கொடுத்த குடும்பங்கள் இன்னும் தங்கச்சிமடத்தில் இருக்கின்றன. அவர்கள் பேத்தியைப் பார்க்க மதுரைக்குப் போய் விமானம் ஏறுகிறார்கள்.

யாழ்ப்பாணம்?

யாழ்ப்பாணம் பலாலியில் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். சென்னையில் இருந்தும், 2025 மார்ச் கடைசியில் இருந்து திருச்சியிலிருந்தும் விமானம் விட்டிருக்கிறார்கள். திருச்சி–யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 185 கி.மீ.யை ஒட்டித்தான் வரும், சென்னையில் இருந்து சுமார் 355. நம்மவர்களுக்குத் திருச்சிதான் சரி. இவை சிறிய விமானங்கள், பெட்டியின் எடையை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலில்தான் போக வேண்டும் என்பவர்களுக்கு, நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் உண்டு. சுமார் 110 கி.மீ., நாலு மணி நேரம் போல ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள்.

சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு?

திருச்சி. அங்கிருந்து இந்த இரண்டு ஊருக்கும் நிறைய விமானங்கள் உண்டு. 2024 ஜனவரியில் திறந்த புதிய முனையமும் விசாலமாக இருக்கிறது. சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., கோலாலம்பூர் சுமார் 2,690 கி.மீ. இரண்டுமே நாலு மணி நேரத்தை ஒட்டி. அதாவது நமக்குத் துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம், ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே.

உம்ராவுக்கு (மக்கா புனிதப் பயணத்துக்கு) ஜித்தா போக எவ்வளவு நேரம்?

சென்னை–ஜித்தா சுமார் 4,450 கி.மீ. நேரடி விமானம் ஆறு மணி நேரத்தை ஒட்டி. வழியில் மாறிப் போகும் டிக்கெட் விலை குறைவாக இருக்கும், ஆனால் பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் கூட ஆகும். அறுபது தாண்டிய வாப்பா, உம்மாவை அனுப்புவதாக இருந்தால் நேரடி விமானத்துக்கு முயற்சி செய்யுங்கள். உம்ராவுக்கு உடுத்தும் இஹ்ராம் துணியை எங்கே கட்டுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இஹ்ராமோடுதான் தாண்ட வேண்டிய மீகாத் எல்லையை விமானம் வானத்திலேயே கடந்துவிடும், இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

மதுரையில் இருந்து சென்னைக்கு விமானத்தில் போனால் மிச்சமாகுமா?

நேர்கோட்டில் 415 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். ஆனால் நமக்கு மதுரை போகவே மூன்று மணி நேரம். அவசரம் இல்லையென்றால் இரவு ரயிலில் படுத்துத் தூங்கிப் போவதே மேல். ஆஸ்பத்திரி, சாவு என்றால் விமானம்.

கடல் மைலில் சொன்னால் எனக்குப் புரியும். துபாய் எத்தனை?

சுமார் 1,590 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. படகில் இருக்கிற ஜி.பி.எஸ். காட்டுவதும், விமானி கணக்குப் போடுவதும் ஒரே அளவில்தான். அவர்களும் வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்றுதான் சொல்வார்கள். விசைப்படகு எட்டு நாட் போனால், விமானம் நானூற்று ஐம்பது நாட் போகும்.

வீட்டில் இருந்து எப்போது கிளம்ப வேண்டும்?

வெளிநாட்டு விமானம் என்றால், கீழக்கரையில் இருந்து மதுரைக்கு ஏழு மணி நேரம் முன்னதாக. ராமேஸ்வரத்தில் இருந்து எட்டு. பாம்பன் பாலத்தில் விடுமுறை நாட்களில் வண்டிகள் நின்று வேடிக்கை பார்க்கும், அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விமானங்களில் ஒரு மணி நேரத்துக்கு முன் கவுண்டரை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு கெஞ்சிப் பயனில்லை.

விமான நிலையத்தில் நம்மவர்கள் நேரத்தை இழப்பது பெட்டியைத் திறந்து கட்டுவதில்தான். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் போட விட மாட்டார்கள், எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் என்று. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கருவாட்டை வாடை வராமல் நாலு சுற்றுச் சுற்றுங்கள். தொதல் என்ற நம்ம ஊர் இனிப்புக்குப் பிரச்சினை இல்லை, எடை மட்டும் பாருங்கள். கசகசாவை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வைக்காதீர்கள், மசாலாவில் கலந்தும் வேண்டாம். துபாயில் அது போதைப்பொருள் கணக்கில் வரும், சிறை வரைக்கும் போகும். உம்மா பாசத்தில் கட்டிக்கொடுத்த பொட்டலத்தையும் ஒரு முறை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

போன மாதம் இருந்த விமானம் இந்த மாதம் காணோமே?

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் விமான அட்டவணை மாறும். அந்தச் சமயத்தில் நேரம் மாறலாம், நாள் மாறலாம், விமானமே இல்லாமலும் போகலாம். ஆறு மாதம் முன்பே டிக்கெட் எடுத்தவர்கள், பயணத்துக்கு ஒரு வாரம் முன் இன்னொரு முறை நேரத்தைச் சரிபாருங்கள்.

அவர் துபாயில் விமானம் ஏறிவிட்டார் என்று போன் வந்தது. கூட்டிவர உடனே கிளம்பலாமா?

இன்னும் நேரம் இருக்கிறது. விமானம் நாலு மணி நேரம், அவர் வெளியே வர ஒரு மணி நேரம், ஆக ஐந்து. உங்களுக்கு மதுரைக்கு மூன்று மணி நேரம். விமானம் உண்மையிலேயே கிளம்பிவிட்டதா என்று போனில் விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் வீட்டிலேயே இருக்கலாம். பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, கொஞ்சம் தூங்க வைத்துக் கூட்டிப் போங்கள். இரண்டு வருடம் கழித்து வருகிறவர் வெளியே வரும்போது அவர்கள் முழித்துக்கொண்டு இருக்க வேண்டுமே.